ராஜா இல்லாத காமெடி

"காமெடியைக் காமெடியாப் பாருங்க சார்!"

யாரையும் எப்படியும் அவமானப்படுத்திவிட்டு, சேதாரம் இல்லாமல் வீடு திரும்ப உதவும் மந்திரம் இது. குண்டாக இருக்கும் பெண்ணைப் பூசணிக்காய் என்று சொல்லலாம். கறுப்பான மாப்பிள்ளையைக் கரன்ட் கட்டோடு ஒப்பிடலாம். திக்கிப் பேசுகிறவர் எதிரிலேயே திக்கிக் காட்டலாம். யாராவது முகம் சுளித்தால் மந்திரத்தை ஒரு தடவை சொன்னால் போதும். சுளித்தவர்தான் குற்றவாளி. ரசனை இல்லாத ஜென்மம்!

சரி, காமெடியைக் காமெடியாகவே பார்ப்போம். நான் ரெடி. ஆனால், அப்படிப் பார்க்க ஆரம்பித்தால் மந்திரம் சொல்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள். காரணம், காமெடி என்பது வாய்க்கு வந்ததைப் பேசுவது அல்ல. அதற்கு இலக்கணம் உண்டு. வெண்பாவுக்குத் தளை மாதிரி, கிரிக்கெட்டுக்கு எல்.பி.டபிள்யூ. மாதிரி. அந்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால், இன்றைக்கு மேடையிலும் டி.வி.யிலும் செல்போனிலும் ஓடிக்கொண்டிருப்பதில் பெரும்பகுதி காமெடி கணக்கிலேயே வராது.

இதைப் பேச நான் தேர்ந்தெடுத்திருக்கும் இடம் ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் சாலை. கார் கம்பெனிக்கும் சிரிப்புக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் கார் உருண்டு வெளியே வர ஆரம்பித்ததற்கு முன்னால், இந்த வட்டாரத்துக்கு இரண்டு அடையாளங்கள்தான். ஒன்று ஏரி. இன்னொன்று, கோடையில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவும் அதை ஒட்டி நடக்கும் பாரதக் கூத்தும். பகலில் பிரசங்கியார் பாரதம் சொல்வார். ராத்திரி கூத்து. சில ஆராய்ச்சியாளர்கள் தெருக்கூத்து என்பார்கள், சிலர் கட்டைக்கூத்து என்றுதான் சொல்லவேண்டும் என்று சண்டைக்கு வருவார்கள். ஊர்க்காரர்களுக்கு 'கூத்து', அவ்வளவுதான்.

ராத்திரி பத்து மணிக்கு மேல் ஹார்மோனியமும் முகவீணையும் சேர்ந்து கத்த ஆரம்பிக்கும். முதலில் மேடைக்கு வருகிறவன் ராஜா இல்லை. கட்டியக்காரன். அர்ஜுனனுக்கு முன்னால், துரியோதனனுக்கு முன்னால், கிருஷ்ண பரமாத்மாவுக்கே முன்னால் வருகிறவன் அவன்தான். கூத்தை ஆரம்பித்து வைப்பவன், கதையை அறிவிப்பவன், ராஜாவுக்குக் கட்டியம் கூறுபவன், வாயில் காப்போன், தூதுவன், தேவைப்பட்டால் கிழவி. அதோடு கோமாளி.

அடுத்து இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் ராஜா வருகிறார். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் என்று கண்ணாடித் துண்டு பதித்த கட்டை அணிகலன்கள் அத்தனையும் உடம்பில். திரைக்குப் பின்னால் இருந்தே பாட்டில் தன் பெருமையைச் சொல்கிறார். அஸ்தினாபுரம், ஐம்பத்தாறு தேசம், தொண்ணூற்றொன்பது தம்பிமார். ஜனம் வாயைப் பிளந்து பார்க்கிறது. அப்போது கட்டியக்காரன், பக்கத்து வீட்டுக்காரன் பேசுகிற தமிழில், "யாருய்யா நீ? எந்த ஊரு? ரேஷன் கார்டு வெச்சிருக்கியா?" என்கிற தினுசில் ஒரு கேள்வி போடுவான்.

ஐம்பத்தாறு தேசமும் சரிந்து விழும்.

ரொம்ப சாதாரணமான ஜோக். ஆனால், இதற்குள் இருக்கும் ஏற்பாட்டைக் கவனியுங்கள். மேலே இருப்பவன் பாட்டில் பேசுகிறான், கீழே இருப்பவன் கொச்சையில் பேசுகிறான். மேலே இருப்பவன் உடம்பில் கட்டை, கீழே இருப்பவன் தலையில் ஒரு கோமாளித் தொப்பி. மேலே இருப்பவனுக்கு அடிக்கும் அதிகாரம் இருக்கிறது, அடிக்கவும் செய்கிறான். கீழே இருப்பவனுக்குக் கேட்கும் அதிகாரம் இருக்கிறது. எவ்வளவு அடித்தாலும் கட்டியக்காரனை மேடையிலிருந்து நீக்க ராஜாவால் முடியாது. அவன் இல்லாவிட்டால் ஓலை போகாது, தூது போகாது, கதை நகராது. மேடையில் இருப்பதிலேயே கீழான வேலைக்காரன்தான், அந்த ராத்திரி முழுக்க ராஜாவைக் கேள்வி கேட்கும் லைசென்ஸ் வைத்திருப்பவன். லைசென்ஸ் அவனுக்குக் கிடைத்ததே அவன் கீழே இருப்பதால்தான்.

உள்ளூர் விவகாரத்தை இழுப்பதும் அந்த லைசென்ஸில் அடக்கம். ஊர்ப் பெரிய மனுஷரைப் பெயர் சொல்லித் திட்ட முடியாது. விடிந்தால் கூலி கொடுக்கவேண்டியவர் அவர்தான். கூத்துக் கலைஞர்களில் பலர், ஊருக்குத் தலைமுறை தலைமுறையாக ஊழியம் செய்த சாதிகளிலிருந்து வந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆனால், துரியோதனனைத் திட்டலாமே! ஏரித் தண்ணீரைத் துரியோதனன் தன் வயலுக்குத் திருப்பிக்கொண்டான் என்று கட்டியக்காரன் சொல்லும்போது, ஜனம் ஓரக்கண்ணால் எந்த நாற்காலியைப் பார்க்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நாற்காலிக்காரருக்கும் தெரியும். அவரும் சிரித்துத்தான் ஆகவேண்டும். அன்றைக்குச் சிரிக்காவிட்டால் அவர்தான் துரியோதனன் என்று ஆகிவிடும்!

உடனே 'அந்தக் காலத்துல...' என்று பெருமூச்சு விட வேண்டாம். கட்டியக்காரன் உத்தமன் இல்லை. இரட்டை அர்த்தம் பேசுவான். பொம்பளை ஜோக் அடிப்பான். சமயத்தில் காது கூசும். ஆனால், அவன் முதலில் கேலி செய்துகொள்வது தன்னை. அப்புறம் தன் வயிற்றை, தன் வறுமையை. அதே ராத்திரி, அதே மேடையில் ராஜாவின் முறையும் தவறாமல் வரும். நான் பி.காம். படித்தவன். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த ஒரே வேதம், பற்று எழுதினால் எதிர்ப்பக்கம் வரவு எழுதியாக வேண்டும் என்பது. கட்டியக்காரன் கணக்கு விடியற்காலையில் டேலி ஆகும்.

இது ஏதோ கிராமத்து சமாசாரம் என்று நினைத்தால், ஸ்ரீபெரும்புதூரில் காஞ்சிபுரம் பஸ் ஏறுங்கள். ஏழாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் அங்கே மகேந்திரவர்ம பல்லவன் 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று ஒரு நாடகம் எழுதினான். பிரகசனம் என்றால் சுத்தமான காமெடி நாடகம். கதை நடப்பது வேறெங்கும் இல்லை, அவனுடைய சொந்தத் தலைநகரமான காஞ்சியின் தெருக்களில். சத்தியசோமன் என்ற கபாலிகச் சாமியாரும் அவன் துணைவி தேவசோமாவும் முழு போதையில் கள்ளுக்கடை கள்ளுக்கடையாகப் போகிறார்கள். கள்ளுக்கடையை யாகசாலையோடு ஒப்பிட்டு ஒரு வர்ணனை வேறு. நடுவில், பிச்சை எடுக்கும் மண்டையோட்டைக் காணோம். எடுத்தது புத்த பிட்சு நாகசேனன்தான் என்று தெருவில் கட்டிப் புரளாத குறை. அந்தப் பிட்சுவோ, மதுவும் மாதுவும் அனுமதிக்கும் மூல நூலை யாரோ வயசான பிட்சுகள் ஒளித்து வைத்துவிட்டார்கள் என்று மனசுக்குள் புலம்பிக்கொண்டு வந்தவர். பஞ்சாயத்துக்கு ஒரு பாசுபதர். கடைசியில் மண்டையோட்டைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய்! அதை நாயிடமிருந்து பிடுங்கியவன் ஒரு பைத்தியக்காரன்.

இதில் எனக்கு முக்கியமான இடம் ஒன்று உண்டு. நியாயஸ்தலத்துக்குப் போகலாமா என்று பேச்சு வரும்போது தேவசோமா, அங்கே போய்ப் பிரயோஜனமில்லை என்கிறாள். விகாரைகளின் சொத்தை வைத்திருக்கும் பிட்சு அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவார், ஓட்டாண்டியான நாம் என்ன கொடுப்பது என்பது அவள் வாதம். அதாவது, ராஜா எழுதிய நாடகத்தில், ராஜாவின் தலைநகரத்தில், ராஜாவின் கோர்ட்டில் லஞ்சம் என்று ஒரு குடிகாரி சொல்கிறாள். 'மத்தவிலாசன்' என்பது மகேந்திரனுடைய பட்டப் பெயர்களில் ஒன்று. குடிகாரக் கூத்து என்று பொருள்படும் தலைப்பைத் தன் பட்டப் பெயராகவும் வைத்துக்கொண்ட ராஜா!

ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் காஞ்சியில் முடிந்த காரியம், இன்றைக்கு அதற்கு ஒரு மணி நேரம் கிழக்கே ஒரு பன்னாட்டுக் கம்பெனியின் ஆண்டு விழாவில் முடியுமா? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், வருகிறேன்.

அதற்கு முன் இலக்கணம். தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளைப் பட்டியல் போடும்போது முதலில் வைப்பது நகையை. வடமொழி நாட்டிய சாஸ்திரத்தில் சிருங்காரம்தான் ஃபர்ஸ்ட். தமிழில் சிரிப்பு! அந்தச் சிரிப்பு பிறக்கும் இடங்கள் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். முதல் இடம் எள்ளலுக்கு. அதற்கு உரை எழுதிய பேராசிரியர் சொல்வதுதான் விசேஷம். எள்ளல் என்பது பிறரை நாம் இகழ்ந்து சிரிப்பது மட்டுமல்ல, பிறர் நம்மை இகழும்போது நாம் சிரிப்பதும்தான் என்கிறார். பாதியைக் காற்றில் விட்டுவிட்டு மீதிப் பாதியை வைத்துக் கடை நடத்திக்கொண்டிருக்கிறோம்.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் இன்னொரு விதி சொன்னார். சிரிப்புக்குரிய குறை என்பது வலியோ கேடோ உண்டாக்காத குறையாக இருக்க வேண்டும். கோணல் முகமூடி போட்ட நடிகனைப் பார்த்துச் சிரிக்கலாம், ஏனென்றால் முகமூடிக்கு வலிக்காது. நம் ஆட்கள் முகமூடியைக் கழற்றிவிட்டு முகத்திலேயே அடிக்கிறார்கள். கேட்டால், "காமெடியைக் காமெடியா..."

அதே கிரேக்கத்தில் கி.மு. 424-ல் அரிஸ்டோஃபனீஸ் 'வீரர்கள்' என்ற நாடகத்தில், ஏதென்ஸ் அரசியலில் கொடிகட்டிப் பறந்த கிளியோனைக் கிழித்து எடுத்தார். அதற்கு முன்பே ஒரு நாடகத்துக்காகக் கிளியோன் அவரைச் சபையில் இழுத்துவிட்டிருந்தார். அப்படியும் நிற்கவில்லை. அந்த நாடகத்துக்கு முதல் பரிசும் கிடைத்தது. ஏறக்குறைய நூறு வருஷம் கழித்து, ஏதென்ஸின் சுதந்திரமெல்லாம் போன பிறகு வந்த காமெடியில் கிளியோன் மாதிரி ஆளே இல்லை. கஞ்ச அப்பா, காதலிக்கும் பையன், தந்திரக்கார அடிமை, ஜம்பமடிக்கும் சிப்பாய், சமையல்காரன். எல்லாம் வீட்டுக்குள் நடக்கிற கூத்து. ஊர் ராஜா வெளியே நிம்மதியாக இருந்தார்.

இதே பாதையில்தான் நாமும் வந்தோம். அது ஒரே நாளில் நடக்கவில்லை. பம்மல் சம்பந்த முதலியாரின் 'சபாபதி'யை எடுத்துக்கொள்ளுங்கள். 1941-ல் படமாகவும் வந்தது. எஜமான் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. இரண்டும் அசடு. சிரிப்பு எஜமான் தலையிலும் சரிபாதி விழுகிறது. பெயரைப் பொதுவில் வைத்த தந்திரமே அதற்குத்தான். அங்கிருந்து அரை நூற்றாண்டு தள்ளி வந்து பாருங்கள். 1989-ல் 'கரகாட்டக்காரன்'. கவுண்டமணி அடிக்கிறார், செந்தில் வாங்குகிறார். அந்த வாழைப்பழத்தை நானும் பத்துத் தடவை பார்த்துச் சிரித்திருக்கிறேன், இன்னும் சிரிப்பேன். ஆனால், ஒன்றைப் பாருங்கள். உதைப்பவன் மேலே, வாங்குபவன் கீழே. ராஜா மேடையில் இல்லை. அவரைக் கதாநாயகன் என்ற பெயரில் தனியாகக் குளிர்சாதன அறையில் உட்கார வைத்தாகிவிட்டது. காமெடிக்குத் தனி டிராக், தனி எழுத்தாளர். கட்டியக்காரனும் ராஜாவும் சந்திப்பதே இல்லை.

வடிவேலு ஓரளவு அதைச் சரிசெய்தார் என்பது என் கட்சி. 'வின்னர்' (2003) கைப்புள்ள யார்? வீண் ஜம்பம். ஜம்பத்துக்கும் சரக்குக்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் அவருடைய காமெடி. அடி வாங்குவது அவரே. பிறகு 2006-ல் சிம்புதேவன் 'இம்சை அரசன் 23-ம் புலிகேசி'யில் அவர் தலையிலேயே கிரீடத்தை வைத்தார். ராஜாவும் கோமாளியும் ஒரே உடம்பில்! தியேட்டர் அதிர்ந்ததற்குக் காரணம் வசனம் மட்டும் இல்லை. ரொம்ப நாளைக்கப்புறம் ஜனங்கள் ராஜாவைப் பார்த்துச் சிரித்தார்கள்.

இப்போது ஒரகடத்துக்கு வருவோம்.

பழைய படங்களில் ஒரு சேட்டு வருவார். 'நம்பள்கி, நிம்பள்கி' என்று தமிழைக் கடித்துத் துப்புவார். அது நல்ல ஜோக்கா? பெரிசாக ஒன்றுமில்லை. ஆனால், அந்த ஜோக்குக்கு ஒரு நியாயம் இருந்தது. அவர் வட்டிக்கடைக்காரர். பெண்டாட்டி தாலியை அடகு வைத்துவிட்டு வந்தவன் தியேட்டரில் உட்கார்ந்து அவருடைய தமிழைக் கேட்டுச் சிரித்தான். கடனாளியின் சின்னப் பழிவாங்கல் அது. சிரிப்பு கீழே இருந்து மேலே போனது.

அதே ஜோக் இப்போதும் ஓடுகிறது. அதே கடிபட்ட தமிழ். அதே ஹிந்தி வாடை. ஆள்தான் மாறிவிட்டான். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அசாமிலிருந்தும் ரயில் ஏறி வந்து, ஒரு ரூமில் எட்டுப் பேர் படுத்து எழுந்து, கான்ட்ராக்ட் சட்டை போட்டுக்கொண்டு ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கிற இருபது வயசுப் பையன். 'வடக்கன்' என்று அவனுக்கு ஒரு பெயர். பானி பூரி, பான் பராக் என்று அவனைப் பற்றி ஆயிரம் வீடியோ. அவன் யாருக்கும் வட்டிக்குக் கடன் கொடுக்கவில்லை. யார் தாலியும் அவன் பெட்டியில் இல்லை. வசனம் ஒன்று, ஆனால் சிரிப்பு போகும் திசை தலைகீழாகிவிட்டது. அப்படியானால் அது அதே ஜோக் இல்லை. பாக்கி இருக்கும் பார்ட்டியை விட்டுவிட்டு, வாசலில் நிற்கிறவனிடம் வசூல் செய்கிற அயோக்கியக் கணக்கு.

அந்தப் பக்கம் ஒரு கம்பெனியின் குடும்ப தின விழாவுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். இந்தச் சாலையில் எந்த கேட்டுக்குள் நுழைந்திருந்தாலும் இதைப் பார்த்திருக்கலாம். பெரிய பந்தல், எல்.இ.டி. திரை, பெண்களுக்கு மியூசிக்கல் சேர். நடுநாயகமாக ஒரு காமெடி நிகழ்ச்சி. தொகுப்பாளர் கெட்டிக்காரர், இரண்டே நிமிஷத்தில் கூட்டத்தைக் கைக்குள் கொண்டுவந்துவிட்டார். முதல் ஜோக் பெண்டாட்டியின் இடுப்பளவு. இரண்டாவது கறுப்பு. மூன்றாவது, திருநங்கை மாதிரி நடந்து காட்டினார். பிறகு கூட்டத்திலிருந்து வடமாநிலப் பையன் ஒருவனை மேடைக்குக் கூப்பிட்டு, ழகரமும் ளகரமும் முட்டிக்கொள்ளும் ஒரு வாக்கியத்தை மைக்கில் சொல்லச் சொன்னார். பையன் சொன்னான். பந்தல் குலுங்கியது. 'இன்னொரு தடவை' என்றார். சொன்னான். அப்புறம் இன்னொரு தடவை. அவனும் சிரித்தான். வேறென்ன செய்வான்? கையில் ஒரு பிளாஸ்டிக் டப்பா செட்டைப் பரிசாகக் கொடுத்து இறக்கிவிட்டார்கள்.

முன்வரிசையில் ஆலையின் தலைவர், மனிதவளத் துறை, வெளிநாட்டிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகள். அதிகாரிகளுக்குப் பக்கத்தில் ஒருவர் குனிந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். ஒன்றே கால் மணி நேர நிகழ்ச்சி. முன்வரிசையைப் பற்றி ஒரே ஒரு ஜோக் கிடையாது. அந்த வெளிநாட்டு அதிகாரிகளில் ஒருவர் மேடை ஏறி 'வணக்கம்' என்று சொன்னபோது அவருடைய உச்சரிப்பும் கோணல்தான். அதற்குக் கிடைத்தது கைத்தட்டல்! தமிழைத் தப்பாகப் பேசுவதுதான் காமெடி என்றால், அவரிடமும் மூன்று தடவை சொல்லச் சொல்லியிருக்க வேண்டாமா?

"அவனே சிரிச்சான் சார், உங்களுக்கு என்ன?" என்று என்னைக் கேட்டார் உடன் வந்த நண்பர். அவன் நாளை காலை ஆறு மணி ஷிப்டுக்கு வரவேண்டியவன். சிரிக்காமல் இறங்கியிருந்தால் லைனில் அவன் பெயரே மாறியிருக்கும். கட்டியக்காரன் தன்னைத்தானே கேலி செய்துகொள்வதும், ஒருவனைப் பிடித்து நிறுத்தித் தன்னைக் கேலி செய்துகொள்ள வைப்பதும் ஒன்றாகாது. இது தெரியாமலா இருக்கிறது நமக்கு?

இந்தச் சாலையில் சிரிப்புக்குப் பஞ்சமா? சாப்ளின் 1936-லேயே எடுத்துக் காட்டிவிட்டார். 'மாடர்ன் டைம்ஸ்' படத்தில் ஓடும் பெல்ட்டில் போல்ட் முடுக்கி முடுக்கி, வேலை முடிந்த பிறகும் கை முடுக்கிக்கொண்டே இருக்கும். சாப்பாட்டு நேரம் வீணாகாமல் இருக்க ஊட்டி விடும் மெஷின் ஒன்று வந்து அவர் முகத்தையே பதம் பார்க்கும். பாத்ரூமில் பீடி பிடிக்கப் போனால் சுவர்த் திரையில் முதலாளி தோன்றி, போ வேலைக்கு என்பார். சி.சி.டி.வி. என்றால் என்ன என்றே உலகத்துக்குத் தெரியாத காலம்! படம் பார்த்த யாரும் சாப்ளினைப் பார்த்து மட்டும் சிரிக்கவில்லை. அந்த மெஷினைப் பார்த்து, அந்த முதலாளியைப் பார்த்துச் சிரித்தார்கள்.

2024 செப்டம்பர் 9-ம் தேதி ஸ்ரீபெரும்புதூர் பக்கம் சாம்சங் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி, 37 நாள் நீடித்தது. தொழிற்சங்கத்தைப் பதிவு செய்வதில் எழுந்த தகராறுகளில் ஒன்று என்ன தெரியுமா? சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரலாமா, கூடாதா என்பது. தங்கள் பெயரைப் போடக்கூடாது என்று கம்பெனி ஆட்சேபம் தெரிவித்தது. விஷயம் ஐகோர்ட் வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. சட்டப்படி யார் சரி என்று வக்கீல்கள் பேசட்டும். எனக்குத் தோன்றுவதெல்லாம், இது ஒரு கட்டியக்காரனுக்குக் கிடைத்த லட்டு! "ராஜா, உன் உப்பைத் தின்னலாம், உன் சட்டையை மாட்டலாம், உன் பேரை மட்டும் நான் வாயால சொல்லக் கூடாதா? அப்ப உனக்கு எப்படிய்யா நான் கட்டியம் சொல்றது?" ஒரு ராத்திரி முழுக்க ஓட்டலாம் இதை. நிர்வாகத்தைச் சேர்ந்தவரே சிரித்திருப்பார். எந்த மேடையிலும் இது வரவில்லை.

அதற்காகத் தொழிலாளிக்கு நகைச்சுவை வற்றிப் போய்விட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஷிப்ட் பஸ்ஸின் பின் சீட்டில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு சூப்பர்வைசருக்கும் ஒரு பட்டப் பெயர். டார்கெட் மீட்டிங்கை அப்படியே நடித்துக் காட்டும் ஒரு பையன் எந்த பஸ்ஸிலும் இருப்பான். கட்டியக்காரன் செத்துப் போகவில்லை. மேடையை விட்டு இறக்கப்பட்டு, நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறான்.

"மேலே இருப்பவனைக் கேலி செய்தால் வம்பு சார்." இதுதான் கடைசி வாதம். இதை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். வம்புதான். 1876-ல் கல்கத்தாவில், வேல்ஸ் இளவரசரை வீட்டுக்குள் வரவேற்றுக் குளிர்வித்த ஒரு பிரமுகரைக் கிண்டல் செய்து 'கஜதானந்தா' என்றொரு பிரகசனம் போட்டார்கள். வெள்ளைக்காரன் உடனே அவசரச் சட்டம் போட்டான். அதே வருஷம் நாடகத் தணிக்கைச் சட்டம் வந்தது. ஆமாம், இந்திய மேடைக்கு விலங்கு மாட்டிய சட்டம் ஒரு காமெடி நாடகத்துக்குப் பயந்து பிறந்தது! எம்.ஆர்.ராதாவின் ராமாயண நாடகம் அனல் கிளப்பிய 1954-ல் சென்னை ராஜ்யம் தன் பங்குக்குத் தனியாக ஒரு நாடகச் சட்டம் போட்டது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்று ஐகோர்ட் சொன்னது 2013-ல், ஞாநி தொடுத்த வழக்கில். 1987-ல், எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கிண்டல் செய்த ஓர் அட்டைப்பட ஜோக்குக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ்.பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடே கொதித்ததில் சில நாட்களில் விட்டுவிட்டார்கள்.

பெண்டாட்டி ஜோக்குக்காக யாராவது ஜெயிலுக்குப் போயிருக்கிறார்களா? கறுப்பு ஜோக்குக்காக ஒரு சட்டம் அவசர அவசரமாக வந்திருக்கிறதா? எது நிஜமான காமெடி என்பதில் நமக்குக் குழப்பம் இருக்கலாம். ராஜாக்களுக்கு இருந்ததே இல்லை.

ஆகவே, இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை உள்ள மனிதவள மேலாளர்களுக்கு ஒரு யோசனை. ஆயுத பூஜை வருகிறது. எப்படியும் ஒரு தொகை ஒதுக்கியிருப்பீர்கள். இந்தத் தடவை காஞ்சிபுரம் பக்கமிருந்து ஒரு கூத்து ஜமாவைக் கூப்பிடுங்கள். ராத்திரி முழுக்க வேண்டாம், ஒன்றரை மணி நேரம் போதும், அவர்கள் சுருக்கி ஆடுவார்கள். துரியோதனன் கொலுவாக இருக்கட்டும். மூன்றே நிபந்தனைகள். கட்டியக்காரன் அன்று காலையிலிருந்து கேன்டீனில் உட்கார்ந்து எல்லோரிடமும் பேசுவார். வசனத்தை யாரும் முன்கூட்டியே வாங்கிப் படிக்கக் கூடாது. முன்வரிசையில் யாரும் பாதியில் எழுந்து போகக் கூடாது.

பதிலும் எனக்குத் தெரியும். "மேனேஜ்மென்ட் அப்ரூவல் கிடைக்காது சார்."

சரி, ஒரு காரியம் செய்யுங்கள். அந்த ஃபைலில் 'அனுமதி இல்லை' என்று எழுதப் போகிறவருடைய பதவியை மட்டும் ஒரு தபால் கார்டில் எனக்கு எழுதிப் போடுங்கள். பெயரெல்லாம் வேண்டாம். துரியோதனன் சபையில் அவருக்கு என்ன உத்தியோகம் என்பதைக் கட்டியக்காரன் பார்த்துக்கொள்வான்.